பென்ஷனை டிரஸ்ட்டில் போட்டால் வாரிசு வரி வராதா?

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. லண்டன் ஹாரோவில் கடன் அடைத்து முடித்த சொந்த வீடு இருக்கிறது, மதிப்பு சுமார் 700,000 பவுண்டு. வங்கியிலும் ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலும் சேர்த்து 120,000. தனியார் பென்ஷனில் 480,000 இருக்கிறது, இதுவரை அதைத் தொடவில்லை. மகனும் மகளும் நல்ல வேலையில் இருக்கிறார்கள், ஆனால் மகனின் மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருக்கிறது. “பென்ஷனை டிரஸ்ட்டில் போட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு வாரிசு வரியே வராது” என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஐயா, வரியை மிச்சப்படுத்துவதற்காக என்றால் வேண்டாம். மகனுடைய பங்கைப் பாதுகாப்பதற்காக என்றால் டிரஸ்ட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த ஆலோசகர் காட்டும் இடம் அதுவல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

டிரஸ்ட் என்பது பிறர் நலனுக்காக டிரஸ்டிகள் என்பவர்கள் சொத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு. உயிரோடு இருக்கும்போது பென்ஷனைத் தூக்கி அப்படி ஒரு டிரஸ்ட்டுக்குள் வைக்க முடியாது. பதிவுபெற்ற பென்ஷன் திட்டத்தில் உள்ள உரிமையை வேறொருவருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. விதிகளுக்குப் புறம்பாகப் பணத்தை வெளியே எடுத்தால் 40 சதவீத வரியும் அதற்கு மேல் 15 சதவீதக் கூடுதல் வரியுமாக 55 சதவீதம் வரை போய்விடும். விதிப்படி எடுத்தால், வரியில்லாத கால் பங்கு போக மீதியெல்லாம் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு உட்படும். ஆகவே, “இப்போதே பென்ஷனை டிரஸ்ட்டுக்கு மாற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சாத்தியமானது ஒன்றுதான். நீங்கள் இறந்தபின் பென்ஷன் பணத்தை நேரே மனைவிக்குக் கொடுக்காமல் ஒரு டிரஸ்ட்டிடம் கொடுக்கும்படி பென்ஷன் நிறுவனத்தின் விருப்பப் படிவத்தில் எழுதி வைக்கலாம். ‘பைபாஸ் டிரஸ்ட்’ என்று இங்கே சொல்வது இதைத்தான். 10 பவுண்டு போட்டு ஒரு டிரஸ்ட்டைத் தொடங்கி வைப்பார்கள். பெரும் பணம் இறப்புக்குப் பிறகுதான் வந்து சேரும். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பயனாளிகளாகப் போடலாம். யாருக்கு எப்போது எவ்வளவு என்பதை டிரஸ்டிகள் முடிவு செய்வார்கள்.

இந்த ஏற்பாடு பிறந்த காலத்தில் அதற்கு நல்ல காரணம் இருந்தது. அப்போது இறந்தவரின் பென்ஷன் பெரும்பாலும் ரொக்கமாக மனைவி கைக்கு வந்தது. வந்ததும் அது அவருடைய சொத்தாகிவிடும், அவர் காலமானதும் 40 சதவீதம் வரிக்குப் போகும். அந்த இரண்டாவது இறப்பைத் தாண்டிச் செல்வதற்காகவே டிரஸ்ட். 2015 ஏப்ரலில் பென்ஷன் விதிகள் தளர்ந்தன. அதன்பின் மனைவி ரொக்கமாக வாங்க வேண்டியதில்லை. பணத்தை பென்ஷனுக்குள்ளேயே ‘டிராடவுன்’ என்ற முறையில் முதலீடாக வைத்துக்கொண்டு, தேவைக்கு எடுத்து, மீதியைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே கடத்தலாம். அதற்கு வாரிசு வரியும் இல்லை. வரிச் சேமிப்பு என்ற காரணம் அன்றே பெரும்பாலும் கரைந்துவிட்டது. அதன்பிறகும் பழைய துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு இதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு மாற்றம் வருகிறது. 2024 அக்டோபர் 30 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தபடி, 2027 ஏப்ரல் 6 முதல் நிகழும் இறப்புகளில், எடுக்காமல் மீந்திருக்கும் பென்ஷன் பணமும் இறந்தவரின் சொத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். கணவனிடமிருந்து மனைவிக்கோ மனைவியிடமிருந்து கணவனுக்கோ போவதற்கு விலக்கு தொடர்கிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் கிடைக்கும் மொத்தத் தொகையும், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) போன்ற திட்டங்களில் துணைவருக்குத் தொடரும் மாதாந்திர ஓய்வூதியமும் இந்த வலைக்குள் வராது. நம்மவர்களில் என்எச்எஸ் ஊழியர்கள் பலர் வீணாகப் பயந்து கிடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் 325,000 பவுண்டு வரை வரியில்லை. 2009 முதல் இந்த எண் நகரவே இல்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் இன்னொரு 175,000 கூடும். இருவரில் முதலில் போகிறவர் பயன்படுத்தாத வரம்பு மற்றவருக்குச் சேரும். ஆக, உங்கள் இருவருக்குமாக 10 லட்சம் பவுண்டு. வீடும் சேமிப்பும் சேர்ந்து 820,000தான், பழைய விதியில் உங்கள் பிள்ளைகள் ஒரு பென்னி வாரிசு வரி கட்ட வேண்டியதில்லை. பென்ஷனைச் சேர்த்தால் 13 லட்சம். வரம்புக்கு மேல் 300,000, அதில் 40 சதவீதம் 120,000 பவுண்டு. நீங்கள் அச்சப்படுவது நியாயம்தான்.

டிரஸ்ட் இதைக் குறைக்குமா? நீங்கள் 75 வயதைக் கடந்த சில நாட்களில் காலமாவதாகவும், மதிப்புகள் எதுவும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பென்ஷன் மனைவிக்கு நேரே போனால் அன்று வாரிசு வரி பூஜ்யம். அவர் காலமானதும் மேலே சொன்ன 120,000. அதையே பைபாஸ் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால், டிரஸ்ட் துணைவர் அல்ல என்பதால் விலக்கு கிடையாது. 480,000இல் உங்கள் வரம்பான 325,000 போக மீதி 155,000க்கு 40 சதவீதம், அதாவது 62,000 பவுண்டு உடனே போகும். உங்கள் வரம்பு அங்கேயே தீர்ந்துவிட்டதால், பிறகு மனைவியின் 820,000க்கு எதிரே நிற்பது அவருடைய 325,000மும் வீட்டுக்கான 350,000மும்தான் (இருவருக்கும் தலா 175,000). மிச்சம் 145,000, வரி 58,000. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 120,000. ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. பாதிக்கு மேற்பட்ட தொகையைப் பல ஆண்டுகள் முன்னதாகவே கட்டியதுதான் நடந்தது.

இது வாரிசு வரி மட்டும். 75 வயதுக்குப் பிறகு நிகழும் இறப்பில் டிரஸ்ட்டுக்குப் போகும் மொத்தத் தொகைக்கு நேரடியாக 45 சதவீத வருமான வரி பிடிக்கப்படும். 62,000 போக எஞ்சிய 418,000இல் 188,100 போய், டிரஸ்ட் கையில் 229,900தான் வந்து சேரும். அதைப் பயனாளிக்குக் கொடுக்கும்போது அவருடைய சொந்த வரி விகிதத்துக்கு ஏற்பக் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் படிவம், கணக்காளர், காத்திருப்பு எல்லாம் வேண்டும். உங்கள் மனைவி அதே பென்ஷனை நேரே பெற்று ஆண்டுதோறும் அளவாக எடுத்தால் 20 சதவீதத்தோடு முடிந்துவிடும். போதாததற்கு, இத்தகைய டிரஸ்ட்டுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை 6 சதவீதம் வரை தனி வரி வரலாம். அதற்குள் சேரும் வருமானத்துக்கும் உயர்ந்த விகிதத்தில் வருமான வரி.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் 75 வயதுக்குள் காலமானால் அந்த 45 சதவீதம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் பணம் கொடுக்கப்பட்டு, மொத்தம் 1,073,100 என்ற வரம்புக்குள் இருந்தால் வருமான வரியே இல்லை. அதன்பின் டிரஸ்ட்டுக்குள் வளரும் தொகையும் மனைவியின் சொத்தில் சேராது. அவர் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தால் அந்த வளர்ச்சி பெரியதாக இருக்கலாம். ஆனால் அதே சூழ்நிலையில் மனைவி நேரே பெற்றாலும் அவர் எடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் வருமான வரி இல்லை. எடுத்து அவரே பிள்ளைகளுக்குக் கொடுத்து ஏழு ஆண்டு வாழ்ந்தால் அதுவும் வாரிசு வரிக்கு வெளியே. முடிவு அவர் கையில் இருக்கும் வழியையே நான் விரும்புவேன். முதுமையில் தன் கணவரின் பணத்துக்காக டிரஸ்டிகளின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலையை ஒரு பெண்ணுக்கு வரிக்காக உண்டாக்குவது சரியல்ல.

அப்படியானால் டிரஸ்ட் எங்கே தேவை? மனிதர்களைப் பற்றிய கவலை வரிக் கவலையைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களில். இரண்டாம் திருமணம் செய்தவர், தன் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்குப் பணம் நிச்சயம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கலாம். அரசு உதவித்தொகையில் வாழும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கலாம். பெரும் தொகை அவர் பெயருக்கு வந்தால் அந்த உதவி நின்றுபோகும். கடனில் சிக்கிய மகன், பதினெட்டு வயதில் பெரும் பணத்தைக் கையாள முடியாத பேரன் என்று இன்னும் இருக்கின்றன. இங்கெல்லாம் கூடுதல் வரி வந்தாலும் டிரஸ்ட் அதன் விலைக்குத் தகும்.

உங்கள் மகன் விஷயம் இந்த வகை. ஆனால் அதற்காக முதல் இறப்பிலேயே முழுப் பணத்தையும் டிரஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் எல்லாம் மனைவிக்கு. மனைவியின் இறப்பில் மகளின் பங்கு நேரே மகளுக்கு, மகனின் பங்கு மட்டும் டிரஸ்ட்டுக்கு என்று வைக்கலாம். அதற்குள் மகனின் நிலைமை தெளிந்திருக்கும், தேவையில்லை என்றால் மாற்றிவிடலாம். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: விவாகரத்து வழக்கில் டிரஸ்ட் பணத்தை இங்குள்ள நீதிமன்றம் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மகனுக்கு அந்தப் பணம் வழக்கமாகக் கிடைத்து வருகிறதா என்று பார்ப்பார்கள். அவன் பெயரில் நேரே கிடப்பதைவிடப் பாதுகாப்பு அதிகம், அவ்வளவுதான்.

இந்த நினைப்பில் வீட்டையும் டிரஸ்ட்டுக்குள் எழுதிவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளே முடிவு செய்யும் விருப்புரிமை டிரஸ்ட்டுக்கு உயில் வழியாக வீடு போனால் ‘பிள்ளைகளுக்குப் போகிறது’ என்ற நிபந்தனை அறுந்து, வீட்டுக்கான அந்த 175,000 வரம்பு பறிபோகும். வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் அதிலேயே குடியிருப்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். வரித்துறையின் பார்வையில் அந்த வீடு இன்னும் கொடுத்தவருடையதுதான், ஏழு ஆண்டு ஓடினாலும்.

இனி வரியை உண்மையிலேயே குறைக்கும் வழி. உங்களிடம் அது இருக்கிறது, டிரஸ்ட்டைவிட எளிது. இதுவரை ‘பென்ஷனைக் கடைசியில் தொடு’ என்பதே நல்ல ஆலோசனையாக இருந்தது, அதனால்தான் நீங்களும் தொடாமல் வைத்திருக்கிறீர்கள். 2027க்குப் பிறகு அந்த ஆலோசனை தலைகீழாகிறது. 75க்குப் பிறகு நீங்கள் விட்டுச்செல்லும் பென்ஷனுக்கு இரண்டு வரி: முதலில் வாரிசு வரி, பிறகு பிள்ளை எடுக்கும்போது வருமான வரி. வாரிசு வரியாகப் போன தொகைக்கு மறுபடி வருமான வரி இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் முழுமையாக 40 சதவீத வாரிசு வரிக்குள் விழும் 100 பவுண்டில் 60 மீந்து, 40 சதவீத வரி கட்டும் பிள்ளை கையில் 36தான் சேரும்.

அதனால் நீங்கள் எடுங்கள். அரசு ஓய்வூதியத்தையும் சேர்த்து உங்கள் ஆண்டு வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டாதவரை 20 சதவீதம்தான் வரி. எடுத்ததில் உங்கள் வாழ்க்கைச் செலவு போக மிஞ்சுவதை ஆண்டுதோறும், முறையாக, பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ‘வருமானத்திலிருந்து வழக்கமாகக் கொடுக்கும் அன்பளிப்பு’ என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை, ஏழு ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம். வருமானத்திலிருந்து வர வேண்டும், தொடர்ச்சி இருக்க வேண்டும், உங்கள் வாழ்க்கைத் தரம் குறையக் கூடாது என்ற மூன்றும்தான் நிபந்தனை. ஆண்டுக்கு 3,000 பவுண்டு என்ற பொது விலக்கு இதற்கு மேல் தனியாக இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று. நீங்கள் 100 பவுண்டு எடுத்து 20 வரி கட்டுகிறீர்கள். மீதி 80ஐ மகளின் பென்ஷனில் போடுகிறீர்கள். அங்கே அரசு 20 சேர்த்து அது 100 ஆகிவிடும். மகள் 40 சதவீத வரி கட்டுபவர், அந்த அளவுக்குச் சம்பளமும் இருக்கிறது என்றால் அவர் இன்னொரு 20ஐத் தன் வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். கையில் 36 ஆகியிருக்க வேண்டியது, பின்னால் எடுக்கும்போது வரி கட்ட வேண்டிய பென்ஷனையும் சேர்த்து 120 ஆகிறது. வேலைக்குப் போகாத பேரப்பிள்ளைக்குக்கூட ஆண்டுக்கு 2,880 பவுண்டு போட்டால் அது 3,600 ஆகும். ஒரே குறை, 2028 ஏப்ரல் முதல் 57 வயதுக்கு முன் அவர்கள் அதைத் தொட முடியாது. மகனின் இப்போதைய நிலையில் அது குறையா என்று நீங்களே யோசியுங்கள். பென்ஷனும் விவாகரத்தில் பங்கிடப்படலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வரியில்லாத கால் பங்கு, உங்கள் விஷயத்தில் 120,000 பவுண்டு, தனிக் கவனம் கேட்கிறது. எடுக்காமல் 75க்குப் பிறகு நீங்கள் காலமானால் அந்தச் சலுகை உங்களோடு போய்விடும். வாரிசுகள் எடுக்கும் முழுத் தொகைக்கும் வருமான வரிதான். ஆகவே 75ஆவது பிறந்தநாளுக்கு முன் அதை எடுப்பது பற்றி முடிவு செய்யுங்கள். அது வருமானமாகக் கருதப்படாது, முதல். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஏழு ஆண்டு விதி பொருந்தும். ஆனால் முதியோர் இல்லச் செலவும் வீட்டுப் பராமரிப்பும் போக மிஞ்சுமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் நிலை வந்துவிடக் கூடாது.

டிரஸ்ட் மிக நன்றாக வேலை செய்யும் ஓர் இடத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். இருவரில் இரண்டாமவர் காலமாகும்போது பணம் தரும் முழு ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்றை எடுத்து, தொடக்கத்திலேயே அதை டிரஸ்ட்டில் எழுதிவிடலாம். பிரீமியத்தைப் பென்ஷன் வருமானத்திலிருந்து கட்டினால் மேலே சொன்ன விலக்கே அதற்கும் பொருந்தும். பாலிசித் தொகை சொத்தில் சேராது, புரோபேட் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அனுமதி) வரும்வரை காத்திருக்காமல் பிள்ளைகள் கைக்கு வரும். இது வரியைக் குறைப்பதில்லை, வரி கட்டக் காசு தருகிறது. வரி கட்டும் கெடு, இறந்த மாதம் முடிந்து ஆறு மாதம்தான். புதிய விதியில் பென்ஷன் மீதான வரிக்கும் பொறுப்பாளிகள் உயிலை நிறைவேற்றுபவர்கள்தான், பென்ஷன் நிறுவனம் அல்ல. பணத்தில் பாதியை 15 மாதம் வரை நிறுத்தி வைக்கும்படி நிறுவனத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறார்கள். இருந்தாலும் வீட்டை அவசரத்தில் விற்காமல் காப்பது கையில் இருக்கும் ரொக்கம்தான். உங்கள் இருவரின் உடல்நிலையைப் பொறுத்து பிரீமியம் மாறும் என்பதால் முதலில் விலை கேட்டுப் பாருங்கள்.

விருப்பப் படிவத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் அது வேலையில் சேர்ந்த அன்று எழுதியதாக இருக்கும். மனைவி பெயரோடு மகன், மகள், பேரப்பிள்ளைகள் பெயரையும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர் படிவத்திலேயே இல்லாவிட்டால், மனைவி உயிரோடு இருக்கும் நிலையில் நிறுவனம் விரும்பினாலும் அவர்களுக்கு டிராடவுன் வசதி தர முடியாது, ரொக்கமாக மட்டுமே தரலாம். பென்ஷன் மனைவி பெயருக்கு மாறியதும் உங்கள் படிவம் காலாவதி. அவர் தனக்கென்று புதிதாக ஒன்று எழுத வேண்டும். மகனுக்கான டிரஸ்ட்டைக் குறிப்பிட வேண்டியது அந்தப் படிவத்தில்தான். இதை அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கொடுத்த அன்பளிப்புகளுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: வருமானம், செலவு, மிச்சம், யாருக்கு எவ்வளவு. வரித்துறையின் ஐஎச்டி403 படிவம் ஆண்டுவாரியாகக் கேட்பது அதைத்தான்.

உங்கள் 13 லட்சக் கணக்கில் நகை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஊரில் காணி இருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. 2025 ஏப்ரல் முதல், கடந்த இருபது ஆண்டுகளில் பத்து ஆண்டு பிரிட்டனில் வசித்தவருக்கு உலகெங்கும் உள்ள சொத்து இந்த வரிக்குள் வரும். யாழ்ப்பாணத்து வீடும், லாக்கரில் உள்ள தாலிக்கொடியும், சீட்டில் வரவேண்டிய பணமும் அதில் சேர்த்தி. இந்தியாவில் சொத்துள்ளவர்களுக்கு 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அது பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மொத்தச் சொத்து 20 லட்சம் பவுண்டைத் தாண்டும் மருத்துவர் குடும்பங்களுக்கு இன்னொரு அடி: தாண்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வீட்டு வரம்பில் 1 பவுண்டு குறையும். பென்ஷனைச் சேர்த்ததாலேயே பலர் அந்தக் கோட்டைத் தாண்டப்போகிறார்கள்.

அந்த ஆலோசகரை மறுபடி சந்திப்பதற்கு முன் அவர் பெயர் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் உயில் எழுதித் தருவதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். பிறகு, 2027 ஏப்ரலுக்குப் பின் நீங்கள் முதலில் காலமாகும் நிலையில், டிரஸ்ட் இருந்தால் எவ்வளவு வரி, இல்லாவிட்டால் எவ்வளவு, டிரஸ்ட்டுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் மேலே போட்ட கணக்கையும் அவரிடம் காட்டுங்கள்.